ஏரிக் கறைகளின் உறுதித்தன்மை: ஓர் ஆய்வு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். இரண்டும் சில்லறைச் சாதனைகள். அவன் உண்மையிலேயே தலைநிமிர்ந்தது முதுநிலை ஆய்வுப் பட்டம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த அன்றுதான். நெருப்புக்கும் சக்கரத்துக்கும் விண்ணப்பப் படிவம் கிடையாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அந்தப் பட்டத்தை நான் தேர்ந்தெடுத்த வரலாற்றை வருங்காலச் சந்ததியினரின் நன்மை கருதிப் பதிவு செய்கிறேன். பல்கலைக்கழகத்தின் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு மறந்துவிடும்.

மற்றவர்கள் ஏன் ஆய்வுப் பட்டத்துக்குப் போகிறார்கள் என்பது உலகறிந்தது. வேலை கிடைத்திருக்காது, அல்லது கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், அல்லது விடுதி அறையைக் காலி செய்ய மனம் வந்திருக்காது. என்னுடைய காரணம் இவற்றைவிடக் கீழானது. என் அக்காவின் வீடு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது.

அந்தக் கரையில் ஒரு விரிசல். போன மழைக்கு விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. இந்தக் கோடையில் முழங்கை வரை போயிற்று. அக்கா வீட்டுப் பின்சுவரில் கணுக்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. மாமாவுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. அவர் தொழில்முறை பெயின்டர். ஊரில் பாதிச் சுவர்கள் அவர் கை பட்டவை. சொந்தச் சுவரில் ஈரம் என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியில் போவது? மாதம் ஒரு முறை பூசுவார். மாதம் ஒரு முறை ஈரம் எட்டிப் பார்க்கும். அக்காவின் கவலை வேறு. அவளுடைய தையல் மிஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது.

தெருவே சேர்ந்து நகராட்சிப் பொறியாளரிடம் மனு கொடுத்தது. அவர் நேரிலேயே வந்தார். விரிசலுக்குள் குடையை விட்டுப் பார்த்தார். குடை உள்ளே போனது. நல்ல மனிதர்; ஒளிவு மறைவு இல்லாதவர்.

"விரிசல் இருக்குன்னு நீங்க சொல்றீங்க. நானும் பாத்துட்டேன், இருக்கு. ஆனா பாத்ததெல்லாம் ஆதாரம் ஆகிடாது தம்பி. பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு ஆய்வு வரட்டும். மறுநாளே மண் லாரி வந்து நிக்கும்."

அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். கடைக்குப் போய் ஒரு நூல்கண்டு வாங்கிவா என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள்: "நீதான் பட்டம் வாங்கிட்டுச் சும்மா இருக்கியே. போய் அந்த ஆய்வைப் பண்ணி எடுத்துட்டு வா."

இப்படித்தான் நான் அறிவுலகில் நுழைந்தேன்.

பல்கலைக்கழகத்தின் தகவல் கையேடு எனக்கு இரண்டு வழிகளைக் காட்டியது. ஒன்று, முதுநிலை ஆய்வுப் பட்டம்: ஓராண்டு. இன்னொன்று, முனைவர் பட்டம்: குறைந்தது மூன்றாண்டு; அதிகபட்சம் என்ன என்பதைக் கண்டவர் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் முழுநேரம், பகுதிநேரம் என்று இரு கிளைகள். பகுதிநேரக்காரர்கள் வேலைக்குப் பயந்து நாள் முழுக்க இங்கேயே இருப்பார்கள் என்றும், முழுநேரக்காரர்களை நூலகத்தில் பார்த்தால் உடல்நலம் விசாரிக்கலாம் என்றும் அனுபவசாலிகள் சொன்னார்கள்.

என் நெறியாளராக அமைந்தவர் பெரிய அறிஞர். அறைச் சுவரில் அவர் நெறிப்படுத்திய பதினான்கு பேரின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எந்தத் திசையில் நெறிப்படுத்தினார் என்பதற்கு மட்டும் தகவல் இல்லை. அவர் என்னை உட்காரச் சொன்னார். நாற்காலியில் கட்டு கட்டாக ஆய்வேடுகள் இருந்ததால் நின்றேன்.

"ஆய்வுன்னா ஒரு இடைவெளி வேணும் தம்பி. இதுவரைக்கும் யாரும் நிரப்பாத இடைவெளி. உங்க இடைவெளி எங்க இருக்கு?"

"ஏரிக்கரையில இருக்குங்க சார். முழங்கை வரைக்கும் போகுது."

அவர் கண்ணை மூடி ரசித்தார். முப்பது ஆண்டுகளில் இவ்வளவு தெளிவாக யாரும் இடைவெளியைக் காட்டியதில்லை என்றார். ஆனால் இதற்கு முனைவர் பட்டம்தான் பொருத்தம், ஓராண்டுப் பட்டமெல்லாம் பொட்டலம் கட்டும் வேலை என்று அபிப்பிராயப்பட்டார்.

"மூணு வருஷம் கரை தாங்காதுங்க சார்."

"கரை தாங்காட்டி என்ன? தலைப்பு தாங்கணும். தாங்கற தலைப்பா எடுக்கணும்."

நான் பிடிவாதமாக ஓராண்டுப் பட்டத்தையே தேர்ந்தெடுத்தேன். ஏழு மாதத்தில் மழை வரும். அதற்குள் இடைக்கால அறிக்கை ஒன்று கையில் கிடைத்தாலும் பொறியாளரிடம் நீட்டிவிடலாம் என்பது என் கணக்கு. "புறநகர் ஏரிக் கரைகளின் உறுதித்தன்மை" என்று தலைப்பு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பதிவுப் பிரிவுக்குப் போனேன்.

பதிவுப் பிரிவு அலுவலர் பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு. துணைவேந்தர்கள் வருவார்கள், போவார்கள். அவர் அந்த மேசையிலேயே இருப்பார். நாள் முழுக்க முத்திரை குத்துவதால் அவரது வலது பெருவிரல் ஊதா நிறத்தில் இருந்தது. எழுத்து கலைந்திருக்கிறது என்று சொல்லி, தலைப்பை என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'கரை' வந்த இடத்தில் பேனா நின்றது.

"எந்த ர?"

"சின்ன ர சார்."

"ஏரி எவ்வளவு பெருசு?"

கேள்வியின் ஆழம் எனக்குப் புரியவில்லை. பெரிய ஏரிதான், சுற்றி நடக்கவே ஒரு மணி நேரமாகும் என்றேன்.

"அவ்வளவு பெரிய ஏரிக்குச் சின்ன ர போட்டா நல்லாவா இருக்கும்? அதுவும் முதுநிலைப் பட்டம்." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அதை நகைச்சுவை என்று நினைத்து, மரியாதைக்காக நானும் சிரித்தேன். அவர் பெரிய ற போட்டார். இந்த நியாயப்படி 'ஏரி'யையும் 'ஏறி' ஆக்கியிருக்க வேண்டும். ஒரு தலைப்புக்கு ஒரு திருத்தம் போதும் என்று பெருந்தன்மையாக விட்டிருக்கிறார். "மேற்கண்டவற்றைச் சரிபார்த்தேன்" என்ற வரியின் கீழ் நான் கையெழுத்துப் போட்டேன். சரிபார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பதினாறு பேர் நின்றார்கள். முன்னால் ஓர் ஏரி நின்றது.

பதிவுச் சான்றை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பொறியாளரிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் படித்தார்.

"இதுல கறைன்னு இருக்கே தம்பி. கரைன்னா எங்க பிரிவு. கறை சுகாதாரப் பிரிவு."

பார்த்தேன். 'புறநகர் ஏரிக் கறைகளின் உறுதித்தன்மை.' கீழே முத்திரை. அதன் கீழே என் கையெழுத்து, கொஞ்சமும் கறைபடாமல்.

எழுத்துப் பிழை என்று எவ்வளவோ சொன்னேன். பல்கலைக்கழகம் எழுதியதைப் பிழை என்று சொல்ல நகராட்சிக்கு அதிகாரமில்லை என்று அவர் மிகுந்த அடக்கத்தோடு சொல்லி, கோப்பைச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பினார். நகராட்சி மெத்தனமானது என்பவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளே சுகாதாரப் பிரிவு ஆட்கள் வந்து, ஏரிக்கரை நெடுக பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். விரிசலுக்குள் கூடுதலாக ஒரு கைப்பிடி.

திரும்பப் பதிவுப் பிரிவு. தலைப்பு மாற்றத்துக்குத் தனிப் படிவம் உண்டு என்று அலுவலர் எடுத்துக் கொடுத்தார். ஏழு கையெழுத்துகள், ஆண்டுக்கு ஒரு முறை கூடும் கல்விக் குழுவின் ஒப்புதல். அனுமதிக்கப்பட்ட காரணங்கள் மூன்று: அ) நெறியாளர் மரணம். ஆ) ஆய்வாளர் மரணம். இ) இயற்கைச் சீற்றத்தால் ஆய்வுப் பொருள் அழிந்துபோதல்.

"எழுத்துப் பிழைன்னு ஒரு காரணம் இல்லையா சார்?"

"பிழைன்னா யாரோ பண்ணியிருக்கணும். இங்க யாரும் பண்ணினதாப் பதிவு இல்லையே."

நான் நெறியாளரிடம் போய்க் கிட்டத்தட்ட அழுதேன். அவர் என்னைத் தேற்றினார்.

"இதுக்கு ஏன் கலங்கறீங்க? தலைப்பை மாத்தறதுக்கு ஏழு கையெழுத்து வேணும். ஆராய்ச்சியை மாத்தறதுக்கு ஒருத்தர் கையெழுத்தும் வேண்டாம். கறையைப் பண்ணிடுங்க. கறையிலயும் ஒரு இடைவெளி இருக்கும்."

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். மிஷின் நின்றதும் சொன்னாள்: "படிச்சுக் கரையேறுவேன்னு பாத்தேன். நீ எழுத்துக் கூட்டறதுலயே முங்கிட்டே." மறுபடி பெடலை மிதித்தாள். மிஷின் எப்போதையும்விட வேகமாக ஓடிற்று.

ஆக, நான் கறை ஆய்வாளனானேன். சனிக்கிழமைதோறும் ஸ்கேலோடு அக்கா வீட்டுப் பின்சுவருக்குப் போவேன். கணுக்காலில் இருந்த ஈரக் கறை கெண்டைக்காலுக்கு ஏறியது. அங்கிருந்து முழங்காலுக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் கரை எவ்வளவு கசிகிறது என்பதை என் குறிப்பேடு கச்சிதமாகக் காட்டியது. ஆனால் அதைக் கரை பற்றிய குறிப்பு என்று சொல்ல முடியாது. அதற்கு நான் பதிவு செய்திருக்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஆய்வுக் குழு கள ஆய்வுக்கு வரும் என்று கடிதம் வந்தது. எனக்கு உயிர் வந்தது. தலைப்பு என்னவாக இருந்தாலும் கண்ணால் பார்க்கும் மூன்று பேராசிரியர்கள், நெறியாளர் தலைமையில், அந்த விரிசலுக்கு முன்னால் நிற்பார்கள் அல்லவா? வீட்டில் சொல்லிவைத்தேன். மாமா நெகிழ்ந்துபோனார். பல்கலைக்கழகமே தன் வீட்டுக்கு வருகிறது. அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதையை அவர் செய்தார். முந்தின நாள் பின்சுவரைச் சுரண்டி, இரண்டு கோட் வெளிர்நீலம் அடித்துவிட்டார். கண்ணாடி போல இருந்தது.

குழு வந்தது. சுவரைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.

"கறை எங்க?" என்றார் ஒரு பேராசிரியர்.

"நேத்து வரைக்கும் இருந்துதுங்க," என்றார் மாமா பெருமையாக.

அக்கா உள்ளேயிருந்து வந்து, சுவரை விடுங்கள், பின்னால் கரையை ஒரு தடவை பாருங்கள் என்று அவர்களைக் கையோடு கூட்டிப்போனாள். எல்லோரும் ஏறினார்கள். விரிசலின் ஓரத்தில் நெறியாளர் கால் வைத்தார். மண் பொலபொலவென்று உள்வாங்கியது. அவர் முழங்கால் வரை இறங்கினார். மாமாவும் நானும் இழுத்து எடுத்தோம். காலைத் தொடர்ந்து அந்தப் பள்ளத்திலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லோருக்கும் புரிந்தது. நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன், நன்றாகவே புரிந்தது.

"பாத்தீங்களா சார்," என்றாள் அக்கா.

"பாத்தேம்மா," என்றார் நெறியாளர். "ஆனா இது எங்க தலைப்புக்குள்ள வராது."

குழுவின் அறிக்கை ஒரு வாரத்தில் கிடைத்தது. "களத்தில் கறை ஏதும் காணப்படவில்லை, ஆய்வாளரின் முயற்சி போதாது. எனினும், நெறியாளரின் வலது காலணியில் ஒரு கறை கண்டறியப்பட்டுப் பதிவு செய்யப்பட்டது." என் ஆய்வின் முதல் அதிகாரபூர்வத் தரவு அதுதான்.

மழை ஏழாம் மாதம் சொல்லிவைத்தாற்போல் வந்தது. நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கரை போனது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. முந்தின நாளே மாமா தன் பெயின்ட் ஏணியை மாடி வீட்டுச் சுவரில் சாத்தி, அக்கம்பக்கத்தாரை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றியிருந்தார். தூக்கிக்கொண்டு ஏற முடியாதவை மட்டும் கீழே நின்றன. கட்டில், பீரோ, தையல் மிஷின். அக்கா மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தன் ஜன்னலுக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷினின் மேல் மூடி மட்டும் மிதந்து வெளியே வந்தது.

நான்கு நாளில் நீர் வடிந்தது. தெருவில் எழுபத்து மூன்று வீடுகள். அத்தனை சுவர்களிலும் மார்பளவு உயரத்தில், நூல் பிடித்தது போல் ஒரே பழுப்புக் கோடு.

நெறியாளர் தொலைபேசியில் அழைத்தார். குரல் தழுதழுத்தது. "கறைக்கு முப்பது மாதிரி கேட்டிருந்தேன். எழுபத்து மூணு கிடைச்சிருக்கு. ராசிக்காரர் நீங்க."

கடைசி முயற்சியாகப் பதிவுப் பிரிவுக்கு ஓடினேன். இப்போது காரணம் 'இ' பொருந்துகிறதே, இயற்கைச் சீற்றத்தால் ஆய்வுப் பொருள் அழிந்துவிட்டதே என்றேன். அலுவலர் கோப்பை விரித்து, ஊதா விரலைத் தலைப்பின் மேல் வைத்தார்.

"அழிஞ்சது கரை தம்பி. உங்களோடது கறை. அது முன்னைக்கு இப்ப நல்லா இருக்கில்ல?"

உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஆய்வேடு ஓராண்டுக்குள் முடிந்தது. இதில் பெரும் பங்கு மாமாவுடையது. சோப்பு, காரம், உப்புத்தாள், மூன்று வகைப் பூச்சு என்று எல்லாவற்றையும் அவர் தொழில் வெறியோடு முயன்று பார்த்தார். எல்லாவற்றையும் மீறிக் கோடு மேலே வந்தது. என் ஆய்வின் முடிவைச் சுருக்கத்தின் கடைசி வரியில் இப்படி எழுதினேன்: "ஆகவே, இப்பகுதி ஏரிக் கறைகள் மிக உறுதியானவை; எந்த மழையாலும் இவற்றுக்குச் சேதமில்லை; பராமரிப்பு ஏதும் தேவையில்லை."

வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடப்பது மரபு. பொதுமக்களாக அக்கா வந்திருந்தாள். வெளித் தேர்வாளர் என் முறையியலை வியந்தார். பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று தலைவர் அறிவித்தபோது அவள் எழுந்தாள்.

"இவன் எழுதினது எல்லாம் சரிதாங்க. நான் தேய்ச்சே பாத்துட்டேன், போகல. ஆனா இவன் இங்க வந்து சேந்தது இதுக்கு இல்ல. அது உங்க எல்லாருக்கும் தெரியும்."

தலைவர் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் தன் காலணியைப் பார்த்தார். கேள்வி தலைப்புக்கு வெளியே இருப்பதால் பதிவு செய்யப்படவில்லை. எனக்கு உயர் சிறப்புத் தகுதியுடன் பட்டம் வழங்கப் பரிந்துரைத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இது சாதாரண வெற்றிக் கதை. ஆனால் பல்கலைக்கழகத்தின் கடமையுணர்ச்சிக்கு எல்லை ஏது? ஆய்வுச் சுருக்கங்களை ஆண்டுத் தொகுப்பாக அச்சிடும் பிரிவில் புதிதாக ஒரு பிழைதிருத்துநர் சேர்ந்திருந்தார். பல்கலைக்கழக வரலாற்றிலேயே படித்துப் பார்த்து வேலை செய்த முதல் மனிதர். என் சுருக்கத்தைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. ஏரி என்றால் கரைதானே வரும்? முதுநிலை மாணவனுக்கு ர, ற கூடத் தெரியவில்லையே என்று வருந்தி, ஒன்று விடாமல், எல்லாக் 'கறை'களையும் 'கரை' ஆக்கிவிட்டார். அதற்கு எந்தப் படிவமும் தேவைப்படவில்லை. ஒரு கையெழுத்தும் தேவைப்படவில்லை.

புதுக் கரை கேட்டுத் தெருவார் மறுபடி கொடுத்த மனுவுக்கு, நகராட்சிப் பொறியாளரின் பதில் இரண்டே வாரத்தில் வந்தது. அக்கா அதை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். நான் உரக்கப் படித்தேன். "பல்கலைக்கழகத்தின் ஆய்வு முடிவின்படி, இப்பகுதி ஏரிக் கரைகள் மிக உறுதியானவை, எந்த மழையாலும் இவற்றுக்குச் சேதமில்லை, பராமரிப்பு ஏதும் தேவையில்லை. எனவே கரை உடைந்ததாகச் சொல்லப்படுவது ஏற்கத்தக்கதல்ல. மனு முடித்துவைக்கப்பட்டது." கீழே ஆதாரமாக என் பெயர், பக்கத்தில் என் பட்டம்.

அக்கா கடிதத்தை வாங்கி நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலியின் காலுக்கு அடியில் வைத்தாள். அந்த மாதமே வீட்டைப் பூட்டிக்கொண்டு, தூரத்தில் ஒரு இரண்டாவது மாடிக்குக் குடிபோனார்கள். மாமா கிளம்பும்போது பின்சுவரைத் தடவிப் பார்த்து, "எமகாதகக் கறைடா," என்றார். ஒரு தொழிலாளி தன்னைத் தோற்கடித்தவனைப் பாராட்டும் குரல் அது.

நேற்று நான் மறுபடி பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தகவல் கையேட்டில் மீதமிருந்த வழி முனைவர் பட்டம். மூன்று ஆண்டு கரை தாங்காதே என்ற பயம் இப்போது எனக்கில்லை. தாங்குவதற்குக் கரையே இல்லை. பதிவுப் பிரிவு அலுவலர் என்னை அடையாளம் கண்டு மகிழ்ந்தார். பேனாவைத் திறந்து, தலைப்பைக் கேட்டார்.

"புறநகர் ஏரிக் கறைக்குப் பொறுப்பானவர்கள்."

பேனா நின்றது. "எந்த ர? சின்னதா, பெருசா?"

"சின்ன ர எங்க தெருவோட போயிடுச்சு சார். பெரிய ற உங்க கையில இருக்கு."

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "இது மை தம்பி," என்றார். கைக்குட்டையை எடுத்தார். மேசை மேலிருந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். பார்த்தார். மறுபடி அழுத்தித் தேய்த்தார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"நிதானமாத் தேய்ங்க சார்," என்றேன். "எனக்கு மூணு வருஷம் இருக்கு."